கணக்கு உங்களுடையது, திறப்பு எங்கள் கொப்பியில்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் 16 வருடமாகக் கொமியூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், பாஸ்போட் படம் இவற்றோடு சனத்துக்கு ஈமெயிலும் பேஸ்புக்கும் திறந்து கொடுத்து வந்தேன். அந்த வேலையில் நான் விட்ட பிழையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் புளூமெண்டால் வீதிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் போன் நடுங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, நான் பேஸ்புக்க எப்பவோ அழிச்சிட்டேன். அதுல இருந்ததெல்லாம் ஒருத்தன் இப்ப போன்ல சொல்றான்" என்றார். வெளிநாட்டில் இருக்கும் மகளின் பெயர், பேத்தி படிக்கும் பாடசாலை எல்லாவற்றையும் சொல்லி, மகள் அனுப்பிய பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 35,000 ரூபா போடுங்கள் என்று கேட்டிருக்கிறான். அன்றைக்குக் கையில் காசு இல்லாததால் தப்பினார்.

அவர் அழித்தது போனில் இருந்த அப்பை மட்டும்தான். கணக்கு அப்படியே கிடந்தது, அதுவும் யாரும் பார்க்கக்கூடியதாக. பேத்தியின் பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழை முழுசாகப் போட்டிருந்தார்: வீட்டு இலக்கம், இரண்டு தொலைபேசி எண், மண்டபத்தின் பெயர், வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும்படி நேரமும். வெள்ளைச் சீருடையில் பிள்ளை நிற்கும் படத்தில் டையில் உள்ள பாடசாலைச் சின்னத்தை வாசிக்கலாம். ஒவ்வொரு வருடமும் அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள் வேறு.

பிறந்த திகதியால் என்ன வந்துவிடப் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் பழைய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஜனவரி 14இல் பிறந்த பெண்ணுக்கு 514. ஆக, பிறந்த வருடமும் தெரிந்தால், 9 இலக்கத்தில் 5ஐ வாழ்த்துச் சொல்பவர்களே அறிவார்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் 7.

கணக்கை நிரந்தரமாக நீக்குவோம் என்றார். கடவுச்சொல் நினைவில்லை. கடவுச்சொல்லை மாற்றக் குறியீடு வரும் எண் எப்போதோ பாவனையில் இல்லாமல் போன பழைய சிம். நான் லாச்சிக்குள் இருந்த கொப்பியை எடுத்தேன். 2013ஆம் ஆண்டுப் பக்கத்தில் என் கையெழுத்தில் அவர் பெயர், ஈமெயில், கடவுச்சொல். ஈமெயிலை மீட்கும் எண்ணாக நான் கொடுத்திருந்தது என் கடை எண். இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு நெஞ்சு திக்கென்றது. தன் கணக்குக்குள் அவரால் போக முடியவில்லை. இத்தனை வருடமாக நானும், என் கடையில் வேலைக்கு நின்று போன 7 பொடியன்மாரும் நினைத்தால் போயிருக்கலாம். அந்த லாச்சிக்குப் பூட்டே கிடையாது.

நீக்குவதற்கு முன் அவருடைய தகவல்களைப் பதிவிறக்கினோம். காலமான கணவரின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் வேறெங்கும் இல்லை. அவற்றில் நான்கு படங்களைக் கழுவிக் கொடுத்தேன். பிறகு பேஸ்புக் இரண்டு வழி காட்டும். தற்காலிகமாக முடக்குவது ஒன்று, நிரந்தரமாக நீக்குவது மற்றது. முடக்கினால் எல்லாம் உள்ளேயே இருக்கும். நீக்கச் சொன்னாலும் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் யாராவது உள்ளே போய் அதை இரத்துச் செய்யலாம். அதனால் கடவுச்சொல்லை அவரையே மாற்றச் செய்து, நான் திரும்பி நின்றேன். முழுவதும் அழிய 90 நாள் வரை ஆகலாம். மற்றவர்களுக்கு அனுப்பிய செய்திகள் அவர்களிடம் இருக்கத்தான் செய்யும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் பற்றிய தகவலை அழிக்கும்படி கேட்கும் உரிமையைச் சொல்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளைப் பின்போட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு கடைக்காரர்களாகிய நாங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தால் அவருடைய எண்ணையே போடுங்கள், கடவுச்சொல்லை அவரே அடிக்கட்டும், எழுதி வைக்காதீர்கள். சிம் மாற்ற வருபவரிடம், பழைய எண்ணில் என்னென்ன கணக்கு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் கொப்பியில் 143 பெயர்கள். மாலையில் கடைச் சனம் குறைந்த பிறகு ஒவ்வொருவராக அழைக்கிறேன். வந்தவர்கள் கடவுச்சொல்லையும் எண்ணையும் மாற்றியதும் அவர்கள் முன்னாலேயே அந்த வரியைக் கறுப்பு மையால் அடிக்கிறேன். 58 பேரின் எண்கள் இப்போது வேலை செய்யவில்லை. இந்தப் பகுதியில் எந்தக் கடையிலாவது கணக்குத் திறந்தவர்கள் இதை வாசித்தால், அந்தக் கடைக்குப் போய்க் கேளுங்கள். என்னிடம் திறந்தவர்கள் ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை 6 மணிக்குப் பிறகு வரலாம். இதற்குக் காசு எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
கொமியூனிகேஷன் கடைக்காரர் ஒருவர்,
கொழும்பு 13.