ஃப்ளோரியான் கெயருக்கு இரண்டு வரி இடமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜெர்மானிய மதச் சீர்திருத்தம் பற்றி வந்த கட்டுரையில், "விவசாயிகளுக்காகப் போராடிக் கையை இழந்த இரும்புக்கைப் பிரபு கோட்ஸ்" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

கோட்ஸ் ஃபொன் பெர்லிஷிங்கன் வலது கையை இழந்தது 1504இல், லாண்ட்ஸ்ஹூட் முற்றுகையில். பவேரிய அரச குடும்பத்துப் பங்காளிகளுக்குள் நடந்த வாரிசுச் சண்டை அது. பீரங்கிக் குண்டு வந்து அவருடைய வாளின் கைப்பிடியில் மோத, அந்த இரும்பே கையைச் சிதைத்துவிட்டது. மதச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர் அப்போது மடத்தில் துறவியாகக்கூடச் சேரவில்லை. ஜெர்மானிய விவசாயிகள் பிரபுக்களை எதிர்த்து எழுந்த விவசாயிகள் போர் வெடிக்க இன்னும் 20 வருடம் இருந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. எப்படி அச்சுக்குப் போக விட்டீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இழந்த கைக்குப் பதிலாக அவர் பொருத்திக்கொண்ட இரும்புக் கையை யாக்ஸ்ட்ஹவுசன் கோட்டையில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். மகன் ஜெர்மனியில் வேலையில் இருந்தபோது போனது. விரல்கள் கணுக்கணுவாக மடங்கும்படி செய்திருக்கிறார்கள். இன்னொரு கையால் அழுத்தி மடக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுகப் பற்றிக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் விரல்கள் விரியும். செய்த கொல்லனுக்குக் கும்பிடு போட வேண்டும். ஆனால் அந்தக் கையோடு கோட்ஸ் என்ன செய்தார்? 1512இல் லைப்சிக் சந்தையிலிருந்து திரும்பிய நியூரம்பர்க் வணிகர்களை வழிமறித்துக் கொள்ளையடித்தார். 1525இல் ஓடன்வால்ட் வட்டார விவசாயிகளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் தளபதியாக இருந்தது உண்மை. கட்டாயத்தின் பேரில்தான் போனேன் என்று அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கடைசிப் போருக்கு முன்பே விலகியும் விட்டார். பிறகு சிறை, வீட்டுக்காவல் எல்லாம் கண்டு, பேரரசரின் படையில் மறுபடியும் சேர்ந்து, 1562இல் தம் சொந்தக் கோட்டையில் காலமானார். ஜெர்மானியக் கவிஞர் கதே 1773இல் நாடகம் எழுதி அவரை விடுதலை வீரராக்கி, சிறையிலேயே சாக வைத்தார். நாடகத்தை வரலாறு என்று நம்பி உங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பாரோ என்று நினைக்கிறேன்.

உண்மையிலேயே விவசாயிகள் பக்கம் நின்ற பிரபு ஃப்ளோரியான் கெயர். வூர்ட்ஸ்பூர்க் பக்கம் கீபல்ஷ்டாட் என்ற சிற்றூர்க்காரர். 1519இல் மோக்மூல் என்ற ஊரில் கோட்ஸை முற்றுகையிட்ட படையில் இவரும் இருந்தார் என்பது உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருந்தால் ஒருவேளை பெயரையாவது சொல்லியிருப்பார். கெயரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. டவ்பர் பள்ளத்தாக்கு விவசாயிகளோடு தாமாகவே சேர்ந்தார். அவர்களுக்காக நகரங்களோடும் பிரபுக்களோடும் பேச்சுவார்த்தைக்கு அலைந்தார். எல்லாம் தோற்றபின் 1525 ஜூன் 9ஆம் தேதி இரவு, ரிம்பாருக்கு அருகே காட்டில் அவரைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்கள் அவருடைய மைத்துனரின் ஆட்கள். கெயரின் பெயர் கட்டுரையில் ஒரு இடத்திலும் இல்லை. அவருக்குரிய மரியாதையைத் தூக்கி கோட்ஸுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த வருத்தம் இன்று தொடங்கியதல்ல. சீர்திருத்தம் என்றாலே உங்கள் இதழில் லூதர், தேவாலயக் கதவில் அவர் ஒட்டியதாகச் சொல்லப்படும் 95 கருத்துரைகள், அவ்வளவுதான். மெம்மிங்கன் நகரில் 1525 மார்ச்சில் விவசாயிகள் வகுத்த 12 கோரிக்கைகளைப் பற்றி நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம், அடிமைத்தனம் வேண்டாம், காட்டில் விறகும் ஆற்றில் மீனும் எங்களுக்கும் உண்டு என்று அவர்கள் கேட்டதை 34 வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த விவசாயிகளை வெட்டிச் சாய்க்கச் சொல்லி லூதரே எழுதினார் என்பதையும் சொல்வேன். 2025இல் விவசாயிகள் போருக்கு 500 ஆண்டு நிறைந்தபோது ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள் என்று எழுதினேன். என் கடிதத்தின் முதல் இரண்டு வரியை மட்டும், அதுவும் உங்களைப் பாராட்டிய வரிகளை மட்டும், வெளியிட்டீர்கள். அன்று மனம் மிகவும் நொந்துபோனேன்.

இப்போது வீட்டில் போட்டித் தேர்வுக்குச் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். போன வாரம் அதில் ஒரு பெண் உங்கள் இதழைக் கொண்டுவந்து, "புத்தகத்திலேயே போட்டிருக்கே டீச்சர், விவசாயிகள் போர்லதான் கை போச்சுன்னு" என்றாள். வருடங்களைப் பலகையில் எழுதிக் காட்டிய பிறகும் அவளுக்கு அரை மனதுதான். உங்கள் எழுத்தின் மேல் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த இதழில் திருத்தம் ஒன்று போடுங்கள்: கோட்ஸ் கையை இழந்தது 1504இல் என்றும், விவசாயிகளோடு நின்று உயிரைக் கொடுத்தவர் ஃப்ளோரியான் கெயர் என்றும். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை