வடக்கு வரிசைக் கன்றுகள்

பண்ருட்டி
வைகாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முந்திரிக் கன்றுகளைப் பற்றி நீ போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கும்மா" என்றே சொல்லி வந்தேன். அது பொய். நேரில் பேச வாய் வரவில்லை.

2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்துவிட்டுப் போன மேல்கொல்லையில் ஐப்பசியில் 40 ஒட்டுக்கன்று வைத்தோமே. "முதல் வருஷம் யூரியா வேண்டாம்பா, தொழுவுரம் போதும்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். நான் கேட்கவில்லை. வடக்கே 20 கன்றுக்கு மார்கழியிலும் மாசியிலும் கை நிறைய அள்ளிப் போட்டேன்.

பங்குனியில் அதுகளைப் பார்க்க வேண்டுமே! உள்ளங்கை அகல இலை, கரும்பச்சை. தெற்கே இருந்தவை சவலைப் பிள்ளை மாதிரி நின்றன. அம்மாவைக் கூப்பிட்டு, "ரகம் அப்படி" என்று பீற்றிக்கொண்டேன்.

சித்திரையில் மோட்டார் காயில் எரிந்துபோய் 19 நாள் தண்ணீர் இல்லை. ஐந்தாம் நாளே வடக்கு வரிசை தலையைத் தொங்கப்போட்டது. இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டது. அங்கே 11 போயிற்று, தெற்கே 3.

செத்ததில் ஒன்றை இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. மேலே இரண்டரை அடி. கீழே வேர், நர்சரிப் பையின் மண்கட்டியை விட்டுச் சாண் தூரம்கூடப் போகவில்லை. தெற்கே பட்டுப்போன ஒன்றை எடுக்கக் கடப்பாரை வேண்டியிருந்தது. குட்டையாக நின்றுகொண்டு அடியில் வேலை பார்த்திருக்கிறது! யூரியாவின் தழைச்சத்து காலடியிலேயே கிடைத்தால் வேர் எதற்கு அலையப் போகிறது? இலைதான் பெருக்கும். இலை பெருத்தால் அது வெயிலில் விடும் தண்ணீரும் கூடும். மண் காய்ந்ததும் மிச்ச உரம் உப்பாகத் திரண்டு வேரைத் தண்ணீர் இழுக்க விடாது.

மழைக்காலத்தில் ஈர மண்ணில் கொஞ்சமாகப் போட்டிருந்தால் தேவலை. நான் போட்டது கோடைக்கு முன்னால், அதுவும் கண்மண் தெரியாமல்.

மிச்சக் கன்றுகளுக்கு இப்போது வாரம் ஒருமுறை இரண்டு குடம். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலாகவே நின்றுவிடும். அடியில் முந்திரிச் சருகு மூடாக்கு போட்டிருக்கிறேன்.

சரி, ஐப்பசிக்கு 14 கன்று வேண்டும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகம் கேட்கலாம். லீவு கிடைத்தால் வா, சேர்ந்து போகலாம்.

அப்புறம், மாட்டுக்கொட்டகை மூலையில் அரை மூட்டை யூரியா கிடக்கிறது. அம்மா உன்னிடம் கேட்டால், நெல்லுக்கு வாங்கியது என்று சொல்லிவிடு.

அப்பா