பிஎஸ்சி முடித்து எம்பிபிஎஸ் சேர்வோர்: உதவித்தொகைப் பட்டியலில் விடுபடும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கலந்தாய்வு நாள்களில் நாளிதழ்களில் உதவித்தொகைப் பட்டியல்கள் வருகின்றன. வருமான வரம்பு இருக்கும், கடைசித் தேதி இருக்கும். 'விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே பட்டம் பெற்றவரா' என்ற வரி மட்டும் இருக்காது. நீட்டுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022-இல் நீங்கிவிட்டதால், பாளையங்கோட்டையில் விலங்கியலோ வேதியியலோ படித்துக்கொண்டே இரண்டு மூன்று முறை நீட் எழுதி, பட்டத்தோடு மருத்துவக் கல்லூரிக்குப் போவதில் இப்போது தடை இல்லை. சேர்ந்த பிறகு உதவித்தொகைக்கு மனுப் போடும்போதுதான் அந்த விடுபட்ட வரி காலை வாருகிறது.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஒரு பட்டத்தை முடித்துவிட்டுத்தான் மருத்துவத்தில் சேர முடியும். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. அதைக் கேட்டுவிட்டு, பிஎஸ்சியில் 90 சதவீதம் இருப்பதால் இங்கேயும் மெரிட்டில் ஏதாவது கிடைக்கும் என்று நினைப்பது வீண். தரவரிசை நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். பட்டத்தின் மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை.

மெரிட் என்ற பெயருக்குப் பொருந்தும் உதவித்தொகைகளையே பாருங்கள். கல்லூரி மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகை முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதற்கான கட்-ஆஃப் அந்தந்த ஆண்டு பிளஸ் 2 தேறியவர்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது. மூன்று ஆண்டு கழித்து எம்பிபிஎஸ் முதலாண்டில் உட்காருபவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். ஆண்டுக்கு 80,000 ரூபாய் தரும் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை, அடிப்படை அறிவியல் படிப்புக்கு மட்டும். பிஎஸ்சியை விட்டு மருத்துவத்துக்குப் போனால் அதுவும் நின்றுவிடும்.

அதிகம் பேர் இடறுவது எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு நிலைப் படிப்பில் தேறிய பின் அதே நிலையில் வேறு பாடம் படிப்பவருக்குக் கிடையாது என்ற விதி தெரியாது. பி.ஏ. முடித்து பி.காம். சேர்வதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பிஎஸ்சிக்குப் பின் எம்பிபிஎஸ் என்றாலும் இதே கேள்விதான் எழும். கலந்தாய்வுக்கு முன்பே கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நலப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் வாயால் சொன்னது செல்லாது. பழைய படிப்பை மறைத்து மனுப் போடலாம் என்றால், தேசிய உதவித்தொகைத் தளத்தின் 14 இலக்கப் பதிவு எண் ஆதாரோடு சேர்ந்தே வருகிறது.

விதியில் உள்ள சொல் 'தேறிய' என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் சீட் கிடைத்து பிஎஸ்சியை விட்டவர் வேறு, முடித்தவர் வேறு. அதற்காகக் கடைசி செமஸ்டரை எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. சீட் கிடைக்காவிட்டால் கையில் இருப்பது அந்தப் பட்டம்தானே. நடுவில் விடுபவரிடம் மிச்ச ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டு அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்தால், அது கூடாது என்ற யுஜிசியின் 2018 அறிவிப்பைக் காட்டிக் கேட்கலாம்.

முதல் பட்டதாரிச் சலுகை, குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்ற சான்றின் மேல் நிற்பது. தானே பட்டம் வாங்கிய பிறகு அதற்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைவதில் பயனில்லை. அண்ணன் பிஎஸ்சி முடித்திருந்தால் தங்கைக்கும் கிடைக்காது.

பட்டம் குறுக்கே நிற்காத பெரிய வழி, 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதில் சீட் கிடைத்தால், தனியார் கல்லூரியானாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நம் பக்கத்தில் வரும் சிக்கல், உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறதே என்று பெற்றோர் வாதிடுகிறார்கள், கணக்கில் வராது. மாநகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் வரும். எட்டாம் வகுப்பை ஒன்றியப் பள்ளியில் முடித்து, ஒன்பதாம் வகுப்புக்கு ஊருக்குள் இருக்கும் மிஷன் பள்ளிக்குப் போனவருக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. இரண்டு மூன்று அரசுப் பள்ளிகளில் படித்தவர் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும். பள்ளியை விட்டு மூன்று நான்கு ஆண்டு ஆனவருக்குப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துத் தரவே நாள் பிடிக்கும். நீட் முடிவுக்குக் காத்திராமல் மே மாதமே கேளுங்கள்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல உதவி உண்டு. சாதாரணப் பட்டப்படிப்புக்கு 6,000 ரூபாய், எம்பிபிஎஸ் போன்ற தொழிற்படிப்புக்கு 25,000. பிஎஸ்சிக்கு வாங்கியவர்கள் அதே 6,000 தான் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. பழைய பட்டம் இதில் தடையாகுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் உதவித்தொகை (மாதம் பெண்ணுக்கு 3,000, ஆணுக்கு 2,500) முதல் தொழிற்படிப்புக்கு உரியது.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராமல் போவது வங்கிக் கணக்கால். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும் புதுக் கணக்குத் தொடங்குவார்கள். ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் உதவித்தொகை விழும். மனுவில் எழுதிய எண்ணுக்கு அல்ல. பழைய கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிவிடும். ஆதாரில் இனிஷியல் முன்னாலும் மதிப்பெண் சான்றில் பின்னாலும் இருந்தால், அதையும் மனுப் போடுமுன் சரிசெய்துவிடுவது நல்லது.

இனிமேல் பட்டியல் அச்சிடும்போது ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே 'பட்டம் பெற்றவருக்கு உண்டா, இல்லையா' என்று ஒரு கட்டம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரி உதவித்தொகைப் பிரிவு ஊழியர்,
பாளையங்கோட்டை.