பெற்றோருக்கு: பி.டி. பீரியடை இனிக் கடன் கொடுப்பதாக இல்லை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் கட்டணம் பற்றியோ மதிப்பெண் பற்றியோ இல்லை, பிள்ளைகளின் சர்க்கரை நோய் பற்றியும் அவர்களின் டைம்டேபிள் பற்றியும், அதனால் பாதியில் மடித்து வைத்துவிட வேண்டாம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பருவத்தில் ஒரு யோசனை வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி எடை போட்டு, இடுப்பை டேப் வைத்து அளந்து, குண்டாக இருப்பவர்களின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடலாம் என்று. சர்க்கரை நோய் சின்ன வயதிலேயே வருகிறதே என்ற கவலையில் வந்த யோசனைதான், நானும் முதலில் சரி என்று தலையாட்டினேன். அப்புறம் இது பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். (வெறும் வயிற்றில் எடுத்த என் சொந்த ரத்தப் பரிசோதனையில் 112 என்று வந்ததும் படிப்பதற்கு ஒரு காரணம். 100-லிருந்து 125 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 126 அல்லது அதற்கு மேல் போனால் நோய் என்று கணக்கு.) படிக்கப் படிக்க, டேப்பை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் போவதற்கு முன், நாம் அவர்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கும் டைம்டேபிளை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்று பட்டது. அந்தப் பட்டியல் யோசனையைக் கைவிட்டாயிற்று.

டைம்டேபிளுக்கு வருவதற்கு முன் எங்கள் பக்கத்துத் தவறுகள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பீரியடில் இரண்டு முறை, மூன்று முறை டாய்லெட் போக அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தான். பெரிய பாட்டில் தண்ணீர் முதல் இடைவேளைக்குள் காலியாகிவிடும். கணக்கு டெஸ்ட் நடக்கும்போது மட்டும் இவனுக்கு அவசரம் வருகிறது என்று ஆசிரியர் புகார் சொல்ல, நான் அவனை அறைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தேன். யூனிஃபார்ம் பேன்ட் இடுப்பில் நிற்காமல் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான், அது என் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. இரண்டு வாரத்தில் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குகிறது என்று ஐசியுவில் சேர்த்தார்கள். முதல் வகை சர்க்கரை நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழித்துவிடுவதால் வருவது. அவன் சாப்பிட்டதற்கும் பெற்றோர் வளர்த்ததற்கும் இதில் சம்பந்தமே கிடையாது. தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவது, எந்நேரமும் களைப்பு, எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது: இவை சேர்ந்து வந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது, அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது 14 வயது லெனர்ட் தாம்சனுக்கு. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பதே அபூர்வம். இன்றைக்கு இன்சுலின் இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் கவனிக்கவில்லை. அந்தப் பையன் நன்றாக இருக்கிறான்.

இரண்டாவது தவறு ஒரு பெண் குழந்தையின் கழுத்து. பின்கழுத்தில் கறுப்பாக, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக ஒரு பட்டை. ஒழுங்காகத் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள் என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறோம், ஒருமுறை இல்லை, இரண்டு முறை. அம்மா பிரஷ் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து புண்ணானதுதான் மிச்சம். அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் ஏறிக் கிடந்தால் கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படி மாறும். எத்தனை பேர் கழுத்தை நாம் இப்படித் தேய்க்கச் சொல்லியிருப்போமோ தெரியாது.

இன்சுலின் ஏன் அப்படி ஏறுகிறது? வாசலில் நின்று காலிங்பெல் அடிப்பவர் என்று இன்சுலினை வைத்துக்கொள்ளுங்கள். பெல் கேட்டால் தசை கதவைத் திறந்து ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர உள்ளே இருப்பவருக்குக் காது மந்தமாகிறது, கணையம் இன்னும் பலமாக, இன்னும் அடிக்கடி பெல் அடிக்கிறது. பல வருஷம் இப்படியே சமாளிக்கும், ரத்தச் சர்க்கரை நார்மலாகவே காட்டும், ஒருநாள் அடிக்கிற கையும் ஓய்ந்துபோகும். அப்போதுதான் இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்று ரிப்போர்ட் வருகிறது. இந்தக் காது மந்தமும், பிரஷரும், ரத்தக் கொழுப்புக் கோளாறும் ஒரே ஆளிடம் கூட்டமாக வந்து உட்காருகின்றன என்று ஜெரால்ட் ரீவன் என்ற மருத்துவர் 1988-இல் எடுத்துச் சொல்லி, அதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். இப்போது மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். பெரியவர்களுக்கு ஐந்து அளவுகள் பார்ப்பார்கள்: இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-க்கு மேல், நல்ல கொழுப்பான எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ், பிரஷர் 130/85-க்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேல். இதில் மூன்று இருந்தால் போதும், மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று சொல்லிவிடுவார்கள். நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்காகவே சொல்கிறேன்.

பிள்ளைகள் விஷயம் வேறு. 10 வயதுக்குக் கீழே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்ற பெயரை ஒட்டவே கூடாது என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2007-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பருவமடையும் வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலின் கொஞ்சம் காலம் சரியாக வேலை செய்யாது, அது இயற்கை. ஆக, அசெம்பிளியில் டேப் வைத்து அளந்து நாமாக முத்திரை குத்துவது மருத்துவமும் இல்லை, மரியாதையும் இல்லை.

அதற்காக அலட்சியமாகவும் இருக்க முடியாது. சின்ன வயதிலேயே இரண்டாம் வகை வந்தவர்களை அமெரிக்காவில் வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். சராசரி வயது 26 ஆகும்போது அவர்களில் 60 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு இவற்றில் ஏதாவது ஒன்றில் பாதிப்பு தொடங்கியிருந்தது, 2021-இல் வந்த முடிவு இது. 26 வயது என்றால் நம்மிடம் படித்துவிட்டுப் போன பிள்ளை கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிற வயது.

சரி, தடுக்க முடியுமா? பெரியவர்களிடம் செய்த சோதனைகளில் முடியும் என்றே வந்திருக்கிறது. சீனாவில் டாசிங் என்ற ஊரில் 1986-இல் தொடங்கி ஆறு வருஷம் உணவையும் உடற்பயிற்சியையும் மட்டும் மாற்றிப் பார்த்தார்கள், 30 வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது அந்தக் குழுவுக்குச் சர்க்கரை நோய் சுமார் நான்கு வருஷம் தள்ளிப் போயிருந்தது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துச் செய்த சோதனையில் வாரத்துக்கு 150 நிமிட நடையும் 7 சதவீத எடைக் குறைப்பும் நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதம் குறைத்தது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால் அந்த நடை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் பெல் அடிக்காமலே சர்க்கரை உள்ளே போக அதற்கு ஒரு பின்வாசல் திறந்துகொள்கிறது. ஓடுகிற பிள்ளைக்கு அந்த வாசல் தினமும் திறக்கிறது.

இப்போது டைம்டேபிளுக்கு வருகிறேன். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பத்தாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், போன பருவத்தில் நான் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன், அந்த இரண்டில் ஒன்றாவது கணக்குக்கோ அறிவியலுக்கோ போகாத வாரம் ஒன்றுகூட இல்லை. போர்ஷன் முடிக்க வேண்டும் என்பார்கள், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனிப் போட மாட்டேன். பி.டி. பீரியட் யாருக்கும் கடன் கிடையாது, தண்டனையாகப் பறிக்கவும் கூடாது. பரீட்சை நேரத்தில் விளையாட்டா என்று ஒரு அப்பா போனில் கேட்டார். ஆமாம் சார், பரீட்சை நேரத்தில்தான். இரண்டு பீரியடுக்கு நடுவில் இரண்டு நிமிடம் எழுந்து நடக்கவும் சொல்லியிருக்கிறோம். நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடந்தாலே சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

தூக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 1999-இல் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு ராத்திரி வெறும் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். அந்தச் சில நாளிலேயே அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் வேகம் தெளிவாகக் குறைந்தது. வீட்டுப்பாடத்துக்காக ராத்திரி பதினொன்றரைக்கு விழித்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், அதில் எங்கள் பங்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எழுத்து வேலை இனி இருக்காது. போனைப் படுக்கையிலிருந்து எடுப்பது உங்கள் பங்கு.

சரியான பதிலுக்குச் சாக்லேட் கொடுக்கும் பழக்கத்தையும் நிறுத்தியிருக்கிறோம். குளிர்பானம் பள்ளிக்குள் வேண்டாம். 330 மில்லி டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட ஒன்பது டீஸ்பூன். ஆனால் முதல் வகை உள்ள பிள்ளையின் பையில் இருக்கும் குளுக்கோஸும் ஜூஸும் மருந்து, அதை யாரும் பிடுங்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். பரீட்சை ஹாலாக இருந்தாலும் உடனே கொடுத்துவிட வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லியாயிற்று. டாய்லெட்டுக்கு அனுமதி மறுப்பது யாருக்கும் கிடையாது.

இதனுடன் ஒரு பக்கப் படிவம் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா, பிள்ளைக்கு மருந்து உண்டா, அவசரத்துக்கு எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று மூன்றே கேள்விகள். எடை கேட்கவில்லை. உறையில் போட்டு ஒட்டி வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள், நானும் பள்ளி நர்ஸும் மட்டும்தான் பிரிப்போம். டைரியில் கழுத்து பற்றி நாங்கள் எழுதி அனுப்பிய அந்தப் பெண் குழந்தையின் அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அப்படிக் குறிப்பு வேறு யாருக்காவது வந்திருந்தால், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னைப் பாருங்கள், மாலை பள்ளி விட்ட பின் ஒரு மணி நேரம் அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்