டேலி சர்வருக்கு ரிமோட் டெஸ்க்டாப்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. இங்கும் குறையொன்றும் இல்லை. மார்ச் கணக்கு முடிப்பதற்குள் அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு டேலி சர்வர் அமைக்கும் வேலை முடிய வேண்டும் என்கிறாய், அதனால் நேராக அதற்கே வருகிறேன்.

ஆபீசில் ஐந்து பேர், குடோனில் ஒருவர், கோவையில் ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒருவர், வீட்டிலிருந்து முதலாளி. எட்டுப் பேருக்கு ஒரே டேலி, அதாவது ஒரே கணக்கு மென்பொருள். சர்வரில் இருக்கும் டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்து, வெளியிலிருப்பவர்கள் விபிஎன் (இணையத்தின் மேலே போடும் தனிப் பாதை) வழியாக அதை டிரைவாக மேப் செய்து, அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும் டேலியில் திறக்கலாம் என்று நீ போட்டிருக்கும் திட்டத்தை மட்டும் கைவிட்டுவிடு. ஒரு லெட்ஜரைத் திறப்பதற்கே டேலி ஃபைலுக்குள் ஏகப்பட்ட தடவை போய் வரும். லேனில் ஒரு நடைக்கு ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. குடோன் பிராட்பேண்டில் அதுவே 30, 40 ஆகும். பெருக்கிப் பார்த்தால் டே புக் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அது போகட்டும், வவுச்சர் சேவ் ஆகும் நொடியில் லைன் அறுந்தால் ஃபைலில் பாதிதான் எழுதப்பட்டிருக்கும். மறுநாள் காலை ரிப்பேர் போட வேண்டியதுதான்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் டேலி ஓடுவதே சர்வரில். வெளியே போவது திரை, உள்ளே வருவது கீபோர்டும் மவுஸும். லைன் போனாலும் வவுச்சர் திறந்தபடியே அங்கே இருக்கும், திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து அடிக்கலாம். ஆபீசில் இருக்கும் ஐந்து பேரையும் இதே வழியில் விடு. பாதிப் பேர் ஷேரில், பாதிப் பேர் ரிமோட்டில் என்று வைத்தால் கோளாறு வரும்போது எந்தப் பக்கத்துக் கோளாறு என்று தேடியே பொழுது போய்விடும். ஆடிட்டர் வெறுமனே பார்க்கத்தான் போகிறார் என்றால் டேலி டாட் நெட் யூசர் (இணையம் வழியாக டேலியைப் பார்க்கும் கணக்கு) ஒன்று கொடுத்தாலே போதும். டிஎஸ்எஸ் எனும் டேலி சந்தா உயிரோடு இருக்க வேண்டும், கம்பெனி சர்வரில் கனெக்ட் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். என்ட்ரி போடுவார் என்றால் மற்றவர்களோடு அவரும் ரிமோட்டுக்கே வரட்டும்.

லைசென்ஸில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். விண்டோஸ் சர்வர் நிர்வாகத்துக்காக இரண்டு ரிமோட் செஷன் தரும், அதை வைத்து எட்டுப் பேரை ஓட்ட முடியாது. ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சிங் இரண்டு ரோலும் (சர்வரில் சேர்க்கும் வசதிகள்) வேண்டும், மேலே சி.ஏ.எல். எனும் நுழைவு உரிமம் வாங்க வேண்டும். ரோலைப் போட்டதும் 120 நாள் சலுகை ஓடத் தொடங்கும். எல்லாம் நன்றாக ஓடுகிறதே என்று எல்லாரும் மறந்துவிடுவார்கள். 120 முடிந்ததும் ஒரு காலையில் யாரும் உள்ளே போக முடியாது. கடைசித் தேதியை இப்போதே நாள்காட்டியில் குறித்துவை.

அங்கே யூசர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் இல்லை, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக இருக்கும் வொர்க்குரூப் என்கிறாய். அப்படியானால் சர்வர் மேனேஜரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கென்று தனியாக இருக்கும் விசார்டைத் தொடாதே, அது டொமைன் கேட்டு நின்றுவிடும். சாதாரண ரோல் சேர்க்கும் வழியிலேயே இரண்டையும் போட்டு, லோக்கல் குரூப் பாலிசியில் (விண்டோஸின் அமைப்பு விதிகள்) லைசென்ஸ் சர்வர் எது, லைசென்சிங் மோடு எது என்று இரண்டு இடத்திலும் நீயே எழுத வேண்டும். மோடு 'பெர் டிவைஸ்'. 2019, 2022 சர்வர்களில் வொர்க்குரூப்பில் 'பெர் யூசர்' போட்டால் 60 நிமிடத்துக்கு ஒருமுறை செஷனை அறுத்துவிடும். கடைக்காரர் எதைத் தள்ளிவிடப் பார்த்தாலும் டிவைஸ் சி.ஏ.எல்.தான் வாங்கு. எண்ணும்போது ஆட்களை எண்ணாதே, கருவிகளை எண்ணு. முதலாளியின் லேப்டாப்பும் வீட்டுக் கம்ப்யூட்டரும் இரண்டு. விண்டோஸ் 11 புரோவில் ஒரு டிஎல்எல் சிஸ்டம் ஃபைலைத் திருத்திப் பல பேரை உள்ளே விடும் குறுக்குவழியை யாராவது சொல்லியிருப்பார்கள். உரிம மீறல் என்பது ஒரு பக்கம், விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் அது உடையும். டேலியில் கோல்டு உரிமம் வேண்டும், சில்வர் ஒருவருக்கானது.

மெஷின் பற்றிக் கேட்டிருந்தாய். எட்டுப் பேருக்கு 32 ஜிபி ரேம் தாராளம். டேலி அதிகம் தின்னாது, எக்செல்லும் பிரவுசரும்தான் தின்னும். பிராசசரில் காசை மிச்சம் பிடித்து இரண்டு எஸ்எஸ்டியை மிரர் போடு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, பேட்டரி தீருமுன் சர்வர் தானே ஷட்டவுன் ஆகும்படி அமைத்துவிடு. கரண்ட் போய் ஃபைல் கெடுவதற்கு மருந்து அது ஒன்றுதான்.

அடுத்து வாசல். ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும் என்று எழுதியிருக்கிறாய். முடியும். இணையம் முழுக்க அந்த போர்ட்டைத் தேடி அலையும் ஸ்கேனர்கள் அன்றே பாஸ்வேர்ட் தட்டத் தொடங்கிவிடும். ஒன்று பொருந்தினால் போதும், டேட்டா முழுக்கப் பூட்டப்பட்டுப் பணம் கேட்டு ஒரு நோட் மட்டும் மிஞ்சும். போர்ட் எண்ணை மாற்றுவது கதவை அடுத்த சுவரில் வைப்பது மாதிரிதான். பாஸ்வேர்ட் பெரிதாக இருந்தால் போதாதா என்றும் கேட்பாய். 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. விண்டோஸ் 7, 2008 ஆர்2 போன்ற பழையவைதான் அதில் மாட்டின, ஆனால் நாளைக்கு எது வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே விபிஎன். வயர்கார்டு போதும், இலவசம். விபிஎன்னுக்குள் சர்வருக்கு 10.8.0.1, ஆட்களுக்கு 10.8.0.2 முதல் ஒவ்வொன்று. ரூட்டரில் யூடிபி 51820 போர்ட் மட்டும் சர்வருக்குத் திரும்பட்டும். விண்டோஸ் ஃபயர்வாலில் 3389ஐ 10.8.0.0/24க்கும் ஆபீஸ் லேனுக்கும் மட்டும் திற. கிளையன்ட் பக்கம் 'அலவ்டு ஐபி'யில் 10.8.0.1/32 மட்டும் எழுது. அங்கே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் முதலாளி வீட்டு யூடியூபெல்லாம் ஆபீஸ் லைன் வழியாகப் போகும். கீப்அலைவ் 25 போடு, 25 நொடிக்கு ஒருமுறை தட்டி லைனை உயிரோடு வைக்கும். வீட்டு ரூட்டரும் ஆபீஸ் ரூட்டரும் இரண்டுமே 192.168.1 ஆக இருப்பது சகஜம், அதனால் யாருக்கும் லேன் எண்ணைக் கொடுக்காதே, 10.8.0.1ஐக் கொடு.

இதற்கு முன்னால் ஒரு சோதனை. ரூட்டரின் வான் எனும் இணையப் பக்கத்து ஐபியும், பிரவுசரில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வருவதும் ஒன்றா பார். வேறாக இருந்தால், அதிலும் ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே ஐபியைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. அங்கே போர்ட் ஃபார்வர்டு எத்தனை முறை போட்டாலும் பலிக்காது. மாதக் கட்டணத்துக்கு ஸ்டேட்டிக் ஐபி வாங்கு, இல்லையென்றால் போர்ட் திறக்காமலே இணைக்கும் டெயில்ஸ்கேல் விபிஎன் போடு. விபிஎன் ஏறிவிட்டது, பாஸ்வேர்டும் ஏற்றுக்கொண்டது, ஆனால் கறுப்புத் திரையோடு நிற்கிறது என்றால் விபிஎன்னின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1280க்கு இறக்கு. நன்றாக ஓடிக்கொண்டே இருந்து நடுவில் உறைகிறது என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் கிளையன்ட்டுக்கு யூடிபி முறையை அணைத்துவிடு, டிசிபி முறையில் ஒழுங்காக ஓடும்.

யூசர்களை 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவில் போடு, அட்மினிஸ்ட்ரேட்டராக ஒருவரையும் விடாதே. விட்டால்தான் டேலி திறக்கிறது என்பார்கள். உண்மைக் காரணம், புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் டேலி ஃபோல்டருக்குள் சாதாரண யூசரால் எழுத முடியாதது. டேலிக்கு அங்கே எழுத வேண்டியவை உண்டு. அந்த ஃபோல்டருக்கும் டேட்டா ஃபோல்டருக்கும் மட்டும் மாடிஃபை உரிமை கொடுத்தால் தீர்ந்தது. எக்செல்லுக்கு ஓடிபிசி என்ற இணைப்பு வழியாக யாரும் டேட்டா எடுக்கவில்லை என்றால் டேலியின் கனெக்டிவிட்டியை 'நன்' ஆக்கிவிடு. முதலில் வந்தவர் 9000 போர்ட்டைப் பிடித்துக்கொண்டால் அடுத்தவருக்கு அது கிடைக்காது. 'அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்று' என்ற டிக்கை எடுத்துவிடு. என்எல்ஏ (செஷன் திறக்குமுன்பே பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது) இயங்கும்போது அது இருந்தால் புது ஆள் உள்ளேயே நுழைய முடியாது. என்எல்ஏவை மட்டும் அணைத்துவிடாதே. ரீஜனை இந்தியாவாக்கி, புது யூசர்களுக்கும் நகலெடுக்கும் பட்டனை அழுத்திவிடு. இல்லையென்றால் எக்செல்லில் 4-3 என்பது ஏப்ரல் மூன்றாகிவிடும்.

இனி பிரிண்டர். இந்த வேலையில் உன் தலைமுடியைப் பறிக்கப்போவது இதுதான். குடோனில் இன்வாய்ஸ் மூன்று பிரதியில் டாட் மேட்ரிக்ஸில் அடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ரிமோட் டெஸ்க்டாப் இயல்பாக 'ஈஸி பிரிண்ட்' என்ற பொது டிரைவரில்தான் அனுப்பும். லேசருக்கு அது அருமை. டாட் மேட்ரிக்ஸுக்கு அது எழுத்தைப் படமாக்கி அனுப்புவதால் ஊசி ஊர்ந்து ஊர்ந்து அடிக்கும், பக்க நீளமும் நழுவும், டேலியின் குவிக் டிராஃப்ட் வடிவம் குழம்பும். குடோன் கம்ப்யூட்டரில் இருக்கும் அதே டிரைவரை, எழுத்துப் பிசகாமல் அதே பெயரில், சர்வரிலும் போடு. பிறகு பாலிசியில் பிரிண்டர் ரீடைரக்ஷனுக்குள் போய் 'ஈஸி பிரிண்ட் டிரைவரை முதலில் பயன்படுத்து' என்பதை டிசேபிள் செய். டிரைவர் பெயரில் ஒரு இடைவெளி மாறினாலும் பொருந்தாது. அடுத்த வம்பு பெயரில். சர்வருக்குள் பிரிண்டர் பெயரோடு செஷன் எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். நேற்று 3, இன்று 5. நேற்று நினைவில் வைத்த பிரிண்டரை டேலி இன்று தேடினால் கிடைக்காது. 'கிளையன்ட்டின் டீஃபால்ட் பிரிண்டரை மட்டும் ரீடைரக்ட் செய்' என்ற பாலிசியைப் போட்டு, குடோனில் டாட் மேட்ரிக்ஸை டீஃபால்ட் ஆக்கிவிட்டால் முக்கால் தொல்லை தீரும்.

டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனைச் சர்வரில் குத்தி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ரிமோட் செஷனுக்குள் சர்வரில் குத்திய டோக்கன் தெரியாது. மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் கம்ப்யூட்டரில் குத்தியதுதான், ஸ்மார்ட் கார்டு ரீடைரக்ஷன் இருந்து, சர்வரிலும் டிரைவர் இருந்தால், தெரியும். அதைவிட, ஜிஎஸ்டி விவரம் உள்ள ஜேசன் ஃபைலை அவர் தன் டிரைவுக்கு எக்ஸ்போர்ட் செய்து ஜிஎஸ்டி போர்ட்டலைத் தன் கம்ப்யூட்டரிலேயே திறப்பது மேல். சர்வரில் பிரவுசர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

எல்லாரும் மேலே இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டித்தான் போவார்கள், அது லாக்ஆஃப் அல்ல. டேலி பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும். துண்டிக்கப்பட்ட செஷனுக்கு 2 மணி நேரக் கெடு வை. அதற்குக் குறைத்தால் லைன் போய்த் திரும்ப வருபவரின் பாதி வவுச்சர் போய்விடும். இரவு 11 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலரில் எல்லாரையும் லாக்ஆஃப் செய்து, டேட்டா ஃபோல்டரைத் தேதியிட்ட ஃபோல்டருக்கு நகலெடு. டேலி திறந்திருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. இரண்டு யூஎஸ்பி டிஸ்கை வாரம் மாற்றி மாற்றிக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல். குத்தியே கிடக்கும் டிஸ்கையும் ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டும். மாதம் ஒருமுறை ஒரு நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து டிரயல் பேலன்ஸ் ஒத்துப் போகிறதா பார்.

அது பிரைவேட் லிமிடெட் என்பதால் இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்குக் கம்பெனிகள் திருத்தப் பதிவு உள்ள மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும், அதை அணைக்கவும் கூடாது. எடிட் லாக் உள்ள டேலியைப் போட்டு, விண்டோஸ் லாகின் போலவே டேலிக்குள்ளும் எட்டுப் பேருக்கும் எட்டு யூசர் உண்டாக்கு. எல்லாரும் 'அட்மின்' என்று நுழைந்தால் லாக் இருந்தும் யார் மாற்றினார் என்று அது சொல்லாது. பிறகு கிளவுடுக்கு மாற்றலாம் என்று முதலாளி ஆசைப்பட்டால் நினைவுபடுத்து: 2022 ஆகஸ்ட் திருத்தத்தின்படி வெளிநாட்டு சர்வரில் கணக்கு இருந்தாலும் தினசரி பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் அப்டேட்டை 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் முந்தைய நாட்களில் போடாதே, ஜிஎஸ்டிஆர்-1, 3பி ஆகிய ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் ஓடும் நேரம் அது. முதலில் குடோன்காரரை மட்டும் ஏற்றிப் பார், பிரிண்டர் சரியாகிவிட்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள். அந்த டாட் மேட்ரிக்ஸ் எந்த மாடல், யூஎஸ்பியா பழைய பேரலல் போர்ட்டா என்று அடுத்த கடிதத்தில் எழுது. பேரலல் என்றால் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்