கட்டியைக் கண்ட நாளும் டாக்டரைக் கண்ட நாளும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள உறவுகளே,

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு வரும் கட்டிகள் பற்றி ஓர் ஆய்வு செய்ய எங்கள் குழு பணம் சேர்க்கிறது. ஆய்வு என்றதுமே சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "நோயில கிடக்கிற பிள்ளைக்குக் கையில குடுத்தா புண்ணியம். கணக்கெடுக்க எதுக்குக் காசு?" என்று ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே கேட்கிறோம்.

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் கண்டியிலும் புற்றுநோய்க்கு மருந்தேற்றுகிறார்கள், ஒப்பரேஷன் செய்கிறார்கள். சில நேரம் மருந்தை வெளியே வாங்கச் சொல்வார்கள், அது வேறு கதை. எங்களை உறுத்துவது, பிள்ளை அங்கே போய்ச் சேர்வதற்குள் கழிந்துவிடும் காலம்.

சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வருவது. பல நேரம் வலியே இருக்காது, பிள்ளை ஓடியாடித் திரியும். பீலித் தண்ணீரில் குளிப்பாட்டும்போது வயிற்றில் ஒரு பக்கம் கெட்டியாக ஏதோ அம்மாவின் கையில் தட்டுப்படும். முதலில் பூச்சி மருந்து கொடுப்பார்கள். அப்புறம் எண்ணெய் தடவி நீவுவார்கள். (இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்: வயிற்றில் கட்டி தெரிந்தால் அழுத்தி நீவவே கூடாது, கட்டி உள்ளே வெடித்துப் பரவக்கூடும்.) பிறகு திருநீறு, நூல். அதுவும் சரிவராமல் தோட்டத்து டிஸ்பென்சரி, அங்கிருந்து ஆதார வைத்தியசாலை, ஸ்கேனுக்கு ஒரு திகதி. சிங்களத்தில் சொன்ன திகதி சரியாக விளங்காமல் இன்னொரு வாரம் போகும். அலைகிற நாளெல்லாம் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போக முடியாது, பேரும் (அன்றைய நாள் சம்பளமும்) இல்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எந்த இடத்தில் எத்தனை நாள் போகிறது என்று தெரிந்தால்தானே எதைத் திருத்துவது என்று தெரியும்?

வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள் என்றும், வசதி குறைந்த பல நாடுகளில் அது 30 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதப் பிள்ளைகளையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று 2018இல் அது ஒரு திட்டம் தொடங்கியது. வில்ம்ஸ் கட்டியும், கண்ணுக்குள் வரும் விழித்திரைக் கட்டியும் அதில் முதலிடம் கொடுக்கப்பட்ட ஆறு வகைகளுக்குள் வருகின்றன. இரண்டுமே நேரத்தோடு கண்டால் நன்றாகக் குணமாகக்கூடியவை.

கணக்கெடுத்து என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு உகண்டாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1957இல் கம்பாலா ஆஸ்பத்திரியில் டெனிஸ் பர்கிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தாடை இரண்டு பக்கமும் வீங்கிய ஒரு பையனைக் கண்டார். கொஞ்ச நாளில் வேறு ஊரில் அதே மாதிரி இன்னொரு பிள்ளை. அவரிடம் பெரிய ஆய்வுகூடம் ஏதும் இருக்கவில்லை. சின்னத் தொகை ஒன்றைக் கேட்டு வாங்கி, படம் போட்ட தாள்களை அச்சடித்து, "இப்படிப் பிள்ளைகள் உங்களிடம் வருகிறார்களா?" என்று ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தபாலில் அனுப்பினார். 1961இல் பழைய காரில் ஆயிரக்கணக்கான மைல் போய் வரைபடத்தில் குறித்தார். உயரமான குளிர்ப் பகுதிகளில் அந்தக் கட்டி அரிது என்பது அப்படித்தான் தெரிந்தது. (நம்மைப் போன்ற மலைக்காரர்களுக்குச் சுவையான செய்தி.) அவருடைய பேச்சைக் கேட்ட எப்ஸ்டீன் என்ற விஞ்ஞானி தேடத் தொடங்கி, 1964இல் அந்தக் கட்டியின் செல்களில் ஒரு வைரஸைக் கண்டார். மனிதப் புற்றுநோயோடு தொடர்புபட்ட முதல் வைரஸ் அது. எல்லாம் தொடங்கியது, பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டதிலிருந்து.

அந்த அளவுக்கு நாங்கள் ஆசைப்படவில்லை. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் கட்டிக்கு வைத்தியம் பார்த்த பிள்ளைகளின் குடும்பங்களைச் சந்தித்து, முதலில் கண்டது யார், யாரிடம் காட்டினார்கள், எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று தமிழில் கேட்டு எழுதப்போகிறோம். பிள்ளையை இழந்த வீடுகளும் இருக்கும். அங்கே போகும் பெண்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பயிற்சி உண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வருமுன் ஒரு லயத்து வீட்டிலும் கால் வைக்க மாட்டோம். பெயர்கள் வெளியே போகாது.

இன்னொரு பங்கு, மிட்வைஃப் மிஸ்மாருக்கும் பிள்ளைக் காம்பராக்களுக்கும் (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடங்களுக்கும்) படம் போட்ட அட்டை. போனில் ப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிகிற பிள்ளையின் முகம் அதில் முதலில் இருக்கும். "பூனைக்கண்" என்று சிரித்துவிட்டு விடுகிறோமே, அது விழித்திரைக் கட்டியாக இருக்கலாம், உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். பிறந்த சில வாரங்களில் தோன்றி, வளர்ந்து, பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும் சிவப்பு இரத்தக்குழாய்க் கட்டியின் படமும் இருக்கும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் என்று தாய்மாரைப் பயமுறுத்துவதும் பாவம்தான்.

மொத்தம் 14 இலட்சம் ரூபாய் தேவை. பாதிக்கு மேல் தோட்டம் தோட்டமாகப் போகிறவர்களின் பஸ் காசுக்கும் படிப் பணத்துக்கும். மிச்சம் அச்சுக்கும், ஆய்வின்போது கட்டியோடு கண்டுபிடிக்கப்படும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் செலவுக்கும். டாக்டர்மார் சம்பளம் வாங்கவில்லை.

செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவில்) ஒரு பேர் கழித்தால் சுளுவாகச் சேர்ந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றோம். சந்தா, கோயில், தீபாவளி முற்பணம் என்று ஏற்கெனவே கழித்த சம்பளம்தான் வீட்டுக்கு வருகிறது. நாங்கள் முதலில் கேட்பது தோட்டத்தை விட்டு வெளியே போய் நின்றவர்களிடம்: கொழும்பில் கடையிலும் கம்பெனியிலும் இருப்பவர்கள், டவுன் முதலாளிமார், வெளிநாட்டில் உழைக்கும் தம்பி தங்கைமார். தோட்டத்தில் இருப்பவர்கள் மனமிருந்தால் ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் ரசீது கிடைக்கும்.

கணக்கு இலக்கத்தைக் குழு உறுப்பினரிடம் நேரிலோ போனிலோ கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் சுற்றி வரும் எந்த இலக்கத்துக்கும் அனுப்ப வேண்டாம். வரவு செலவு மாதக் கடைசியில் கோயில் பலகையில் ஒட்டப்படும், சந்தேகம் இருந்தால் பில்லைக் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
குழுவினர்