கை வீக்கம் குறித்து மகனுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. நீர் பிரியும் மாத்திரை போட்டால், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வந்த இந்தக் கை வீக்கம் வடிந்துவிடாதா என்று நீ ஒவ்வொரு முறை பேசும்போதும் கேட்கிறாய். அதோடு, சூடும் அதிர்வும் தருகிற மசாஜ் கருவி ஒன்றை வாங்கி அனுப்பப் போவதாகவும் சொல்கிறாய். இரண்டுமே வேண்டாம் என்பதற்கான காரணத்தைத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலத்தில், இதயத்துக்கும் இரத்தத்துக்கும் வாரக்கணக்கில் நேரம் ஒதுக்கிவிட்டு, திசுக்களில் கசிந்த நீரை இரத்தத்துக்குத் திருப்பும் நிணநீர் மண்டலத்தை அரைப் பாடவேளையில் முடித்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். இப்போது அதே பாடத்தை என் இடது கை எனக்கு நிதானமாக நடத்திக்கொண்டிருக்கிறது.

இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளை அடையும்போது, அதிலுள்ள நீரில் ஒரு பகுதி சத்துகளையும் சுமந்துகொண்டு திசுக்களின் இடைவெளிகளுக்குள் கசிகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 லிட்டர் இவ்வாறு கசிவதாகவும், அதில் 17 லிட்டர் மீண்டும் இரத்தக் குழாய்களுக்கே திரும்புவதாகவும், எஞ்சிய 3 லிட்டரை நிணநீர்க் குழாய்கள் எடுத்துச் செல்வதாகவும் நாங்கள் கற்பித்தோம். நிணநீரின் பங்கு இதைவிடப் பெரியது என்று இப்போது கருதுகிறார்கள். அளவு எதுவாயினும் முக்கியமானது வேறொன்று: நீரோடு சேர்ந்து ஆல்புமின் போன்ற புரதங்களும் சிறிது சிறிதாகக் கசிகின்றன. உருவில் பெரியவையான அவற்றால் வந்த வழியே திரும்ப இயலாது. நிணநீர்க் குழாய்களே அவற்றுக்கு வழி. இந்தத் திரும்புதல் உடல் முழுவதும் நின்றுவிட்டால் ஒரு நாளைக்கு மேல் உயிர் தாங்காது என்று உடலியங்கியல் நூல்கள் சொல்கின்றன. நம் ஊர் வயல்களுக்குப் பாசன வாய்க்கால் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை வடிகாலும் என்பது உனக்குத் தெரியும். என் இடது கைக்குப் பாசனம் சரியாகவே இருக்கிறது, வடிகால்தான் பழுதாகிவிட்டது.

அந்தக் குழாய்களின் அமைப்பை ஆற அமரப் படித்தபோது வியப்பாக இருந்தது. தோலுக்கு அடியில் அவை ஒரு முனை மூடிய நுண்குழாய்களாகத் தொடங்குகின்றன. சுவர் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. அந்தச் செல்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், வெளியிலிருந்து நீர் உள்ளே வரலாம், உள்ளே வந்தது வெளியேற முடியாது. மெல்லிய இழைகள் இந்தச் செல்களை, சுற்றியுள்ள திசுவோடு பிணைத்திருக்கின்றன. திசுவில் நீர் கோக்கும்போது அந்த இழைகள் இழுபட்டு, ஓரங்கள் மேலும் விரிந்து திறக்கின்றன. இந்த நுண்குழாய்கள் கூடிச் சற்றுப் பெரிய குழாய்களாகும்போது உள்ளே வால்வுகள் வருகின்றன. இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் தானாகவே சுருங்கி, நிணநீரை அடுத்த துண்டுக்குத் தள்ளுகிறது. இதயம்போல ஒரு மையப் பம்பு இதற்குக் கிடையாது. இந்தச் சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சு இழுக்கும்போது மார்புக்குள் ஏற்படும் அழுத்த மாற்றமும் சேர்ந்தே எல்லாவற்றையும் நடத்துகின்றன. கால்கள், வயிறு, உடலின் இடப்பாதி ஆகியவற்றின் நிணநீர் முழுவதும், முதுகெலும்பை ஒட்டி ஏறும் சுமார் 40 சென்டிமீட்டர் நீள மார்பு நிணநீர்க் குழாயின் வழியாக, இடது காறை எலும்புக்குப் பின்னால் பெரிய சிரைகள் சந்திக்கும் இடத்தில் இரத்தத்தில் கலக்கிறது. வலது கைக்கும் தலையின், மார்பின் வலப்பக்கத்துக்கும் மட்டும் தனி வழி.

வழியில் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. சிறுவயதில் உனக்குக் காலில் சிராய்ப்பு சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். உன் பாட்டி நெறியைத் தடவிப் பார்த்துவிட்டு உடனே பாதத்தைத்தான் ஆராய்வார். அது சரியான உடற்கூறியல். புண்ணிலிருந்து வரும் கிருமிகளும் அவற்றின் துணுக்குகளும் முதலில் போய்ச் சேர்வது அங்குள்ள முடிச்சுகளுக்கே. அங்கு விழுங்கு செல்கள் காத்திருக்கின்றன, லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் எதிரியை அடையாளம் கண்டு பெருகுகின்றன, எதிர்ப்பொருள் உருவாகிறது, அந்தப் பெருக்கத்தால் முடிச்சு வீங்குகிறது. புற்றுநோய்ச் செல்களும் அதே வழியில்தான் பயணிக்கும். ஆகவேதான் எனக்கு அறுவை நடந்தபோது மார்பில் நீலச் சாயத்தைச் செலுத்தி, அது முதலில் சென்றடையும் முடிச்சுகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் நோய் இருந்ததால் அக்குளில் உள்ள முடிச்சுகளில் பெரும்பாலானவற்றை நீக்க வேண்டியதாயிற்று. பிறகு கதிர்வீச்சு. எஞ்சிய சில குழாய்கள் பளுவைத் தாங்கிக்கொண்டு சில ஆண்டுகள் ஓடின. அவை தளர்ந்தபோது வீக்கம் தலைகாட்டியது. இத்தனை ஆண்டுகள் கழித்து ஏன் வந்தது என்று நீ கேட்டதற்கு இதுவே பதில்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். நீர் பிரியும் மாத்திரை சிறுநீரகத்தின் வழியாக நீரை வெளியேற்றும். என் கையில் தேங்கிய புரதத்தை அது தொடாது. அந்தப் புரதம் மீண்டும் நீரை இழுத்துக்கொள்ளும், அழற்சியைத் தூண்டும், நாளடைவில் அங்கே நாரும் கொழுப்பும் படியும். இப்போது மாலையில் முன்கையை அழுத்தினால் விரல் பதிந்த குழி சிறிது நேரம் அப்படியே இருக்கிறது, வளையல் மணிக்கட்டைத் தாண்டி ஏறுவதில்லை; குழி விழுகிறவரை இறுக்கிக் கட்டியும் நீவியும் கணிசமாகக் குறைக்க முடியும், கெட்டிப்பட்டுவிட்டால் கடினம். நீவுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கழுத்து, பிறகு மார்பின் மறுபக்கம், பிறகு மேற்கை, கடைசியாகத்தான் விரல்கள். மேலே இடம் ஒழிந்தால்தானே கீழிருப்பது நகரும். அழுத்தமும் தோல் மட்டும் நகரும் அளவுக்கு லேசாக இருக்க வேண்டும், ஏனெனில் அந்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன. உன் கருவி ஆழமாக அழுத்தும். அதன் சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டிக் கசிவையும் கூட்டும்.

தெருவில் சிலர் இது யானைக்காலா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நம் ஊர்ப் பெயரோடு ஒட்டிவிட்ட நோய் அது, கேட்பதில் தவறில்லை. அந்த நோயில் கியூலெக்ஸ் கொசு கொண்டுவரும் புழுக்கள் இதே குழாய்களுக்குள் குடியேறி அவற்றைச் சிதைக்கின்றன. அவற்றின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் உலவும் என்பதால்தான், சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். எனக்குப் புழு இல்லை. இரண்டிலும் சிதைவது இதே குழாய்கள் என்பது மட்டுமே ஒற்றுமை.

எதிர்வீட்டு மாமி நெய்யை நிறுத்தச் சொல்கிறார். குடல் உறிஞ்சும் கொழுப்பு நிணநீர் வழியாகச் செல்வது உண்மையே. 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரே அசெல்லி, உணவு உண்டிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற இழைகளைக் கண்டு, ஒன்றைக் கீறிப் பால்போன்ற நீர் வருவதைப் பார்த்தார். பட்டினியாக இருந்த நாயில் அவை தெரியவில்லை. ஆனால் அந்தக் கொழுப்பு மார்புக் குழாய் வழியாக நேரே கழுத்துச் சிரைக்குப் போகிறதே தவிர, கைக்கு இறங்குவதில்லை. உடல் எடை கூடினால் வீக்கம் கூடும் என்பதால் மட்டும் அளவோடு ஊற்றிக்கொள்கிறேன்.

பளு தூக்கவே கூடாது என்று முன்பு சொல்லி வந்தார்கள். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, மேற்பார்வையோடு சிறிது சிறிதாகக் கூட்டினால் எடைப் பயிற்சி வீக்கத்தை மோசமாக்குவதில்லை என்று காட்டியது. ஆகவே தண்ணீர்க் குடத்தைத் தொடாதே என்று நீ என்னை விரட்ட வேண்டாம். நான் அஞ்சுவது புண்ணுக்குத்தான்: தேங்கிய நீரில் கிருமி எளிதாகப் பரவும். கை சிவந்து, சூடேறி, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் காய்கறி நறுக்கும்போதும் பூப்பறிக்கும்போதும் கையுறை அணிகிறேன், ஊசியும் இரத்த அழுத்தப் பட்டையும் வலது கையில் மட்டுமே.

நீ எனக்கு வாங்க வேண்டியது அழுத்தக் கையுறைதான், அதாவது மணிக்கட்டிலிருந்து மேற்கை வரை இறுகப் பிடிக்கும் உறை. ஜெர்மனியில் அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள். தட்டையாகப் பின்னி ஓரம் சேர்த்துத் தைத்த தட்டைப் பின்னலாக இருக்க வேண்டும், குழாய்போல் பின்னிய வட்டப் பின்னல் மடிப்பில் தோலை வெட்டுகிறது. மணிக்கட்டில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கும் இரண்டாம் அழுத்த வகுப்பைக் கேள். இரண்டாக வாங்கு, ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்று வேண்டும். இயன்முறை மருத்துவர் காலையில் கட்டவிழ்த்த உடனே எடுத்த அளவுகளைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கறுப்பு நிறம் வேண்டாம், இங்கே வெயில் தாங்காது.

அன்புடன்,
அம்மா